மணிக்குள் இருக்கும் பூச்சி



புரட்டாதியில் விதைத்து மாசியில் வெட்டிய நெல்லைக் காயவைத்து, சாக்கிலே கட்டி, வீட்டு மூலையில் அடுக்கிவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். இடைக்கிடை ஒரு பிடி அள்ளிப் பார்க்கிறோம்; நல்ல நெல்லாகத்தான் தெரிகிறது. ஆனியில் சாக்கை அவிழ்த்தால் அந்து பறக்கிறது. சுளகில் இட்டுப் புடைத்தால் பதராய்ப் போகிறது. இத்தனை நாளும் கண்ணிற் படாத பூச்சி எங்கே இருந்தது?

மணிக்குள் இருந்தது. அந்து நெல்லின் மேல் முட்டையிடும். பொரித்த புழு மணியைத் துளைத்து உட்புகுந்து, அங்கேயே தின்று வளரும். அரிசி வண்டோ இன்னும் கெட்டித்தனமானது. தன் மூக்கினால் மணியிலே துளையிட்டு, முட்டையை வைத்து, பசைபோன்ற சுரப்பினால் வாசலை அடைத்துவிடும். நம் நாட்டு வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் புது வண்டு வெளிவரும். ஒரு பெட்டை வண்டு நூற்றுக்கணக்கில் முட்டையிட வல்லது.

பூச்சியும் துருவும் அழிக்கும் செல்வத்தைப்பற்றி யேசுநாதர் மலைப்பிரசங்கத்திலே எச்சரித்தார். துரு என்று நாம் வாசிக்கும் இடத்திலுள்ள கிரேக்கச் சொல்லுக்கு நேர்ப்பொருள் 'தின்னுதல்' என்பதே. தானியத்தை அரிக்கும் பூச்சியையே அது குறிக்கலாம் என்று கருதும் வேத அறிஞரும் உளர். களஞ்சியம் வைத்திருந்த மக்களுக்குத்தான் அவர் பேசினார்; அவர்களுக்கு இது விளங்காத உவமையல்ல.

இந்த மறைவான அழிவை அறிய மனிதன் பட்ட பாடு கேட்கத்தக்கது. 1953 இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து அறிஞர்கள், மணிக்குள் புழு கறும்பும் ஓசையைப் பெருக்கிக் காதாற் கேட்கலாம் என்று காட்டினார்கள். 1990களில் புளோரிடாவின் கெயின்ஸ்வில் நகரத்து விவசாய ஆராய்ச்சிக்கூடத்தில் எண்ணும் பொறி ஒன்றை அமைத்தார்கள். தானியத்துக்குள் செருகிய குழாயிலே பூச்சி விழும்போது கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிரை அது மறைக்கும். உடனே கொம்பியூட்டர் 'ஒன்று' என்று குறித்துக்கொள்ளும். இரவும் பகலும் காவல். அது எவரையும் கடிந்துகொள்வதில்லை, எண்ணிக்கையை மட்டும் சொல்கிறது.

நமக்கு எட்டக்கூடியது கோயம்புத்தூரிலே உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆக்கிய பொறி, சுற்றிலும் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் துளைகள் இட்ட வெறும் குழாய்தான். அடியிலே ஒரு கூம்பு. காற்றை நாடி வரும் வண்டு துளைவழி புகுந்து கூம்பில் விழும், திரும்பி ஏறமாட்டாது. மின்சாரம் வேண்டாம். அள்ளிப் பார்க்கும் பிடியில் அகப்படாத வண்டு இதில் அகப்படும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குழாயில் விழுவது வெளியே வந்து நடமாடும் பூச்சி மட்டுமே. மணிக்குள் இருக்கும் புழு விழாது. ஆகவே முதல் வண்டைக் கண்டதும் 'ஒன்றுதானே' என்பவன் ஏமாந்தான்; உள்ளே ஒரு தலைமுறை வளர்ந்துகொண்டிருக்கலாம்.

வீட்டுக் காரியமும் இப்படித்தான். மனைவிக்குத் தெரியாமல் பட்ட கடன், பிள்ளைகள் முன் மறைத்த போத்தல், சகோதரனோடு பேசாமல் விட்ட காணிச் சண்டை எல்லாம் வெளியே தெரியும்போது மாதங்கள் கழிந்திருக்கும். பாவசங்கீர்த்தனத்துக்குத் தவக்காலம் வரட்டும் என்றிருப்பது, ஆனியில் சாக்கை அவிழ்ப்பது போன்றதே. படுக்கப் போகுமுன் ஐந்து நிமிட ஆத்தும சோதனையை நம் பெரியவர்கள் ஏன் வற்புறுத்தினார்கள் என்று யோசியுங்கள்.

மறுபக்கத்து ஆபத்தும் உண்டு. சந்தேகம் வந்தவுடன் நஞ்சைத் தேடுகிறோம். மூட்டை அடுக்கிய வீட்டுக்குள் அலுமினியம் பொஸ்பைட் குளிசை வைப்பது பெரும் மோசம். அதிலிருந்து எழும் வாயு பூச்சியைக் கொல்வதுபோலப் பக்கத்து அறையில் உறங்கும் குழந்தையையும் கொல்லும். எண்ணிப் பாராமல் அடிக்கடி புகையூட்டிய களஞ்சியங்களில் அந்த நஞ்சுக்குச் சாகாத வண்டுகளும் உலகெங்கும் பெருகிவிட்டன. கண்டறியாமல் தண்டிப்பவர் சிலர் பிள்ளைகளிடமும் இப்படியே நடக்கிறார்கள்.

2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, 2021/22 பெரும்போக விளைச்சல் விழுந்தபோது ஒரு கொத்து அரிசியின் அருமையை நாடே அறிந்தது. வண்டு தின்றதை ஏழையின் வீட்டுக்கும் கொடுத்திருக்கலாம்.

ஆகையால் நெல்லை நன்றாகக் காயவையுங்கள். ஈரம் 13 வீதத்துக்கு மேற்படவேண்டாம். சாக்கைத் தரையில் வையாமல் பலகைமேல் வையுங்கள். குழாய் கிடைக்காவிட்டால் கிழமைக்கொருமுறை மேல்நெல்லைச் சல்லடையில் அரித்து, விழுந்ததை எண்ணிக் கலண்டரில் குறியுங்கள். விதைநெல் மூட்டையை முதலில் பாருங்கள். கருவைப் பூச்சி தின்ற நெல், புரட்டாதியில் எவ்வளவு மழை பெய்தாலும் முளைக்காது.