ஆர்ஸ் கிராமத்தின் ஆஸ்தி



பிரான்சு தேசத்தில், லியோன் பட்டணத்துக்கு வடக்கே, ஆர்ஸ் என்றொரு சிற்றூர் உண்டு. 1818-ம் ஆண்டில் அங்கே குடியிருந்தவர்கள் ஏறக்குறைய 230 பேர். பிரபு குடும்பம் ஒன்றின் மாளிகை, குடியானவர்களின் வீடுகள், ஒரு சிறு கோயில், நான்கு மதுக்கடைகள், இவ்வளவுதான் ஊர். பிரெஞ்சுப் புரட்சியின்போது கோயிற் கோபுரம் இடிக்கப்பட்டிருந்தது. மனங்களிலோ அதைவிடப் பெரிய இடிபாடு. ஞாயிற்றுக்கிழமையும் வயல் வேலை; வேலை முடிந்தால் குடியும் கூத்தும்.

அவ்வருஷம் பிப்ரவரி மாதத்தில் குருவானவர் ஒருவர் கால்நடையாக அங்கே வந்தார். மூடுபனியில் வழி தப்பி, ஆடு மேய்த்த சிறுவன் ஒருவனிடம் வழி கேட்டார். ஆர்ஸுக்கு வழி காட்டிய அவனுக்குத் தாம் மோட்சத்துக்கு வழி காட்டுவதாகச் சொன்னாராம். அவரே அர்ச். மரிய வியான்னி அருளப்பர். லத்தீன் படிப்பு ஏறாமல் திண்டாடி, 29-ம் வயதில் குருப்பட்டம் பெற்றவர்.

விடியுமுன் அவர் நற்கருணைப் பேழைமுன் முழந்தாளிட்டார். வீடு வீடாகச் சென்றார். 1820-ல் செங்கல்லால் கோபுரம் எழுப்பினார். 1824-ல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார். ஊர் ஒரே நாளில் திருந்திவிடவில்லை. ஏச்சையும் அவதூறையும் அவர் பல வருஷம் சகித்தார். காலப்போக்கில் மதுக்கடைகள் ஒவ்வொன்றாக மூடின; கோயில் நிறைந்தது.

அவ்வூர்க் குடியானவர் ஒருவர் கோயிலுக்குள் வெகுநேரம் சும்மா அமர்ந்திருப்பார். உதடு அசையாது. என்ன செய்கிறீர் என்று சுவாமியார் கேட்க, தாம் ஆண்டவரைப் பார்ப்பதாகவும், ஆண்டவர் தம்மைப் பார்ப்பதாகவும் சொன்னாராம். இதை ஞானோபதேசத்தில் எடுத்துச் சொல்லும்போது சுவாமியார் கண்ணீர் விடுவார்.

பின்னாளில் பாவசங்கீர்த்தனம் செய்யப் பல்லாயிரம் பேர் தூர தேசங்களிலிருந்தும் வந்தார்கள். கோடைகாலத்தில் நாளொன்றுக்கு 16 மணி நேரம்வரை அவர் சங்கீர்த்தனத் தொட்டியில் இருந்தார். தனிமையில் ஜெபித்துச் சாக விரும்பி, 1853-ல் ஓர் இரவு ஊரைவிட்டுப் புறப்பட்டார். கோயில் மணி ஒலித்தது; ஜனங்கள் ஓடிவந்து வழிமறித்து மன்றாடினார்கள். அவர் திரும்பினார். ஒரு காலத்தில் அவரை ஏசிய ஊர் அது!

1859 ஆகஸ்டு 4-ம் நாள் அவர் மரித்தார். 1862 முதல் அங்கே பெரிய பசிலிக்கா எழும்பியது. ஆனாலும் பழைய கோயிலின் நடுக்கூடத்தை இடிக்காமல் அதனோடு சேர்த்தே கட்டினார்கள். அவருடைய பிரசங்க மேடையும் சங்கீர்த்தனத் தொட்டியும் இன்றும் அங்கே உள்ளன. 1925-ல் பதினொராம் பத்திநாதர் பாப்பரசர் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார்.

அன்பர்களே, ஆர்ஸ் கிராமத்தின் ஆஸ்தி எது? கல்லும் செங்கல்லும் மாத்திரமா? விட்டுப்போகாத ஒரு குரு, மெள்ள மெள்ள மனந்திரும்பிய ஒரு ஜனம், வாய்திறவாமல் ஜெபித்த ஒரு குடியானவர்: அதுவே அவ்வூரின் ஆஸ்தி. நம் பிள்ளைகளுக்கு வீடும் நிலமும் வைத்துப்போக ஓடியாடுகிறோம். நாம் முழந்தாளிட்டதை அவர்கள் கண்டிருக்கிறார்களா?

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் வாசலுக்கு விரையாதீர்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்தி, ஐந்து நிமிஷம் பேழையைப் பார்த்துக்கொண்டு மௌனமாயிருங்கள். வார்த்தை வராவிட்டாலும் கவலை வேண்டாம். அந்தக் குடியானவருக்கும் வார்த்தை வரவில்லை.