யூதாசின் இரண்டு சாவுகள்

தவக்கால வெள்ளியொன்றில், சிலுவைப்பாதை முடிந்து ஆலயக் கதவை அடைக்கும் வேளையில், கல்லூரி மாணவர் ஒருவர் விவிலியத்தின் இரண்டு இடங்களில் விரல்களை வைத்துப் பிடித்தபடி வந்தார். "சாமி, யூதாசு எப்படிச் செத்தான்?" என்றார்.

மத்தேயு 27-ஆம் அதிகாரத்தில் யூதாசு மனம் வருந்தி, முப்பது வெள்ளிக் காசுகளையும் கோவிலில் எறிந்துவிட்டுத் தூக்கிட்டுக்கொள்கிறான். அப்பணத்தால் குயவன் நிலத்தை வாங்குவோர் தலைமைக் குருக்கள். திருத்தூதர் பணிகள் முதல் அதிகாரத்திலோ நிலத்தை வாங்குபவன் யூதாசே. அவன் தலைகுப்புற விழுந்து வயிறு வெடித்துச் சாகிறான். அவன் வருந்தியதாக ஒரு சொல்லும் அங்கில்லை. 'இரத்த நிலம்' என்னும் பெயர் இரண்டிற்கும் பொது.

நான் வழக்கமான விடையைத் தந்தேன். தூக்கில் தொங்கினான், கயிறு அறுந்தது, விழுந்தான். அவன் பணத்தில் குருக்கள் வாங்கியது அவனே வாங்கியதற்குச் சமம். "சரி சாமி" என்று சொல்லிப் போய்விட்டார். அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நானும் நம்பவில்லை என்பதை அவர் கண்டுகொண்டிருக்கக் கூடும். அன்றிரவு எனக்கு வெட்கமாயிருந்தது.

இந்த ஒட்டுவேலை மிகப் பழையது. மேலைத் திருச்சபை பல நூற்றாண்டுகள் வாசித்த வுல்காத்தா என்னும் இலத்தீன் விவிலியத்தில், திருத்தூதர் பணிகளின் அவ்வசனத்துக்குள்ளேயே 'தொங்கியவனாய்' என்னும் பொருள்படும் சொல் நுழைந்திருந்தது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979-இல் வெளியிட்ட புதிய வுல்காத்தாவில் அச்சொல் இல்லை. கிரேக்க மூலத்தின்படி அவன் குப்புற விழுகிறான், அவ்வளவே.

இதைவிடப் பெரிய சோதனை 2-ஆம் நூற்றாண்டிலேயே வந்தது. தத்தியான் என்பவர் நான்கு நற்செய்திகளையும் ஒரே வரலாறாகக் கோத்துத் தந்தார். சிரிய மொழிச் சபைகள் அதை வழிபாட்டிலும் வாசித்தன. யாரும் யாரோடும் முரண்படாத நூல். நம் மாணவர் அதில் விரல் வைக்க இடமிருந்திராது. ஆயினும் 5-ஆம் நூற்றாண்டில் சீருஸ் நகர் ஆயர் தெயோதொரேத்து அதன் 200-க்கும் மேற்பட்ட படிகளைத் திரட்டி அகற்றி, நான்கு நற்செய்திகளை அவற்றின் இடத்தில் வைத்தார். தத்தியானின் கொள்கைமீது இருந்த ஐயமும் அதற்கொரு காரணம் என்பதை மறைப்பதற்கில்லை.

நம் மீட்புக்காக இறைவன் எழுதுவிக்க விரும்பிய உண்மையையே மறைநூல் பிழையின்றிப் போதிக்கிறது என்றது இரண்டாம் வத்திக்கான் சங்கம், 1965-இல். கயிற்றின் கதி அவ்வுண்மையில் அடங்குமென்று நான் நினைக்கவில்லை. ஆனால் கயிற்றைக் காப்பாற்றப் போய் நாம் இழப்பது ஒன்றுண்டு. மனம் உடைந்து வந்தவனைக் குருக்கள் கைகழுவி அனுப்பினார்கள் என்பதை மத்தேயு மட்டுமே எழுதுகிறார். இரு சாவுகளையும் ஒன்றாக்கும் அவசரத்தில் அந்தக் குருக்களை நான் ஆண்டுக்கணக்காகக் கவனிக்கவேயில்லை.

அடுத்த வெள்ளியன்று அம்மாணவரை நானே தேடிச் சென்றேன். "தம்பி, அந்த இரண்டும் எனக்கும் பொருந்தவில்லை. இரண்டையும்தான் நான் வாசிக்கிறேன்" என்றேன். அவர் சிறிது நேரம் என்னைப் பார்த்தார். பிறகு விசுப்பலகையில் அமர்ந்து, விவிலியத்தை மீண்டும் விரித்து, கல்லறையில் பெண்கள் கண்ட வானதூதர் ஒருவரா இருவரா என்று கேட்டார். அன்று கதவை அடைக்க வெகுநேரமாயிற்று.