நாற்காலிக்குக் கணக்கு கேட்கலாமா?

2021 செப்டம்பரில் தமிழக சட்டப்பேரவை ஒரு சிறிய சட்டத்திருத்தத்தை நிறைவேற்றியது. 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று புதிதாக ஒரு பிரிவு சேர்ந்தது. கடையில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் உட்கார இருக்கை போட வேண்டும், வேலை நேரம் முழுக்க அவர்களை நிற்க வைக்கக் கூடாது என்பதே அதன் சாரம்.

நாற்காலி போடச் சொல்லி ஒரு சட்டமா என்று வியந்தவர்கள் ஜவுளிக்கடையில் வேலை பார்த்திருக்க மாட்டார்கள். காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு ஷட்டர் இறங்கும் வரை பத்து, பன்னிரண்டு மணி நேரம் நின்றே கழியும் வேலை அது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. சூப்பர்வைசர் அந்தப் பக்கம் திரும்பினால், சேலை அடுக்கிய அலமாரியில் சாய்ந்து, ஒரு காலை மடக்கி, மறுகாலில் பாரத்தை மாற்றிக்கொள்வார்கள். சில வருடங்களில் கால் வீங்கும். கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளும். வசந்தபாலன் 2010இல் எடுத்த ‘அங்காடித் தெரு’ ரங்கநாதன் தெருவின் இந்த வாழ்க்கையைத்தான் திரைக்குக் கொண்டுவந்தது. கோழிக்கோட்டில் விஜி என்ற தையல் தொழிலாளி ‘பெண்கூட்டு’ அமைப்பைத் திரட்டிப் போராடினார். கழிப்பறை கேட்டுத் தொடங்கிய அந்தப் போராட்டம் நாற்காலிக்கு வந்து சேர்ந்தது. கேரளம் 2018இலேயே சட்டத்தைத் திருத்தியது.

இதில் உறுத்தும் செய்தி வேறொன்று உண்டு. நின்றபடி வேலை செய்பவருக்கு இருக்கை தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 44ஆவது பிரிவிலேயே சொல்லிவிட்டது. ஆலையில் இருந்த உரிமை கடைக்கு வர எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. ஏன் இத்தனை தாமதம்? ஊழியர் உட்கார்ந்தால் கடைக்கு என்ன லாபம் என்ற கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை என்பதும் ஒரு காரணம். அப்படியானால் அதற்கு முந்தைய கேள்வியைக் கேட்டாக வேண்டும். உழைப்பவர் நலமாக இருக்க வேண்டும் என்பது எதனால்?

லாபத்தால் என்பது ஒரு பதில். ஸ்காட்லாந்தின் நியூ லனார்க்கில் பஞ்சாலை நடத்திய ராபர்ட் ஓவன் 1813இல் சக முதலாளிகளைப் பார்த்து இப்படித்தான் வாதாடினார். உயிரற்ற இயந்திரத்தைத் துடைத்து எண்ணெய் போட்டால் லாபம் கிடைக்கிறதே, உயிருள்ள இயந்திரத்தைக் கவனித்தால் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டார். இன்றைய மனிதவளத் துறைகள் பேசுவதும் இதே மொழிதான். அதற்கு ஆதாரமும் இருக்கிறது. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் ஆண்டுக்கு 1,200 கோடி வேலை நாட்களை இழக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அந்த நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, நீண்ட நேர வேலையால் வந்த பக்கவாதத்துக்கும் இதய நோய்க்கும் 2016இல் மட்டும் 7,45,000 பேர் பலியானார்கள்.

லாபக் கணக்கு பல ஆலைகளில் விளக்கேற்றியிருக்கிறது, பள்ளிக்கூடம் கட்டியிருக்கிறது. அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒருவர் போனால் மறுநாளே இன்னொருவர் கிடைக்கும் இடத்தில் அந்தக் கணக்கு கைவிட்டுவிடும். பொறியாளர் போய்விட்டால் நிறுவனத்துக்கு நஷ்டம். அவருக்கு யோகா வகுப்பு நடக்கும். துப்புரவுப் பணியாளரை மாற்றுவது சுலபம். அவர் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடுவார். விலை உள்ள பொருளுக்கு ஈடாக இன்னொன்றை வைக்கலாம், மனிதருக்கு இருப்பதோ ஈடு வைக்க முடியாத மாண்பு என்று இமானுவேல் காண்ட் 1785இல் எழுதினார். மாடிப்படிக்குக் கீழே சாப்பிடுபவருக்கு அந்த மாண்பு இல்லையா?

இரண்டாவது பதில் இன்னும் பழையது. ராஜகிருகத்தில் சிகாலன் என்ற இளைஞன் விடியற்காலையில் குளித்து, ஈரத் துணியும் ஈரத் தலையுமாக நின்று ஆறு திசைகளையும் கும்பிட்டுக்கொண்டிருந்தான். தந்தை சாகும்போது சொல்லிவிட்டுப் போன வழக்கம் அது. அந்த வழியாக வந்த புத்தர் அவனுக்கு வேறு ஆறு திசைகளைக் காட்டினார் என்கிறது பௌத்த நூலான தீக நிகாயம். கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர்கள், மேலே துறவிகள், கீழே வேலையாட்கள். கீழ்த்திசையைக் கும்பிடும் முறை ஐந்து: சக்திக்கு ஏற்ற வேலை தருவது, உணவும் கூலியும் கொடுப்பது, நோயில் பராமரிப்பது, அரிதாகக் கிடைக்கும் பண்டத்தைப் பகிர்வது, உரிய காலத்தில் விடுப்பு தருவது. வேலையாட்களுக்கும் எதிர்க்கடமைகள் உண்டு. ஆனால் வேலையாளைப் பேணுவது வழிபாட்டின் ஒரு திசையாகவே ஆகிவிட்டது. அதில் லாபம் வருமா என்று சிகாலன் கேட்கவில்லை.

மோசேயின் பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாள் எஜமானனுக்கு மட்டும் உரியதன்று. வேலைக்காரன், வேலைக்காரி, ஊரில் தங்கிய அந்நியன், மாடு வரைக்கும் அது நீள்கிறது. நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தவன் என்று விவிலியத்தின் உபாகமம் அதற்குக் காரணம் சொல்கிறது. வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்னார் நபிகள் நாயகம். பணியாளரின் சக்திக்கு மீறிச் சுமத்தினால் நீங்களும் கூட நின்று கைகொடுங்கள் என்றும் சொன்னார்.

சமயங்கள் இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கின்றன. மனிதர்கள் கோயிலுக்கு அடிமைகளாக விற்கப்பட்டதைச் சோழர் காலக் கல்வெட்டுகளே சொல்கின்றன. பலனைக் கருதாமல் கடமையைச் செய்யச் சொல்லும் கீதையின் போதனை, கூலி உயர்வு கேட்பவரின் வாயை அடைக்கவும் பயன்படுகிறது. அந்தப் போதனை தன் செயலைக் குறித்துக் கலங்கி நின்ற அர்ச்சுனனுக்குச் சொல்லப்பட்டது. பற்றற்று உழைப்பேன் என்று ஒருவர் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளலாம். அடுத்தவரின் சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடுபவர் அதை விதித்தால் அது ஆன்மிகம் ஆகாது, சுரண்டலாகிவிடும்.

அதே சமயம் பக்திதான் சென்னையில் தொழிலாளரை ஒன்று சேர்த்தது என்பதும் வரலாறு. பெரம்பூரில் ஜவுளிக்கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் அவர் நண்பர் இராமாநுஜலு நாயுடுவும் வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்ற பக்தி சபையை நடத்தினார்கள். பக்கிங்காம், கர்னாடிக் மில் தொழிலாளர்கள் அங்கே சமயச் சொற்பொழிவு கேட்க வருவார்கள். மில்லில் மதியச் சாப்பாட்டுக்குக் கிடைக்கும் அரை மணி நேரத்தில் கைகழுவிச் சாப்பிட்டுத் திரும்ப முடியவில்லை என்ற குறையும் அந்த இடத்தில்தான் பேசப்பட்டது. திரு.வி.க. வந்து பேசினார். 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி.வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. சாப்பாட்டு இடைவேளையை நீட்டினால் துணி உற்பத்தி பெருகும் என்று அவர்கள் வாதாட வேண்டியிருக்கவில்லை. நிதானமாகச் சாப்பிடுவது மனிதருக்கு உரியது என்பதே போதுமான வாதமாக இருந்தது.

உரியதைக் கொடுப்பவர் யார் என்பதில்தான் இன்று புதிய சிக்கல். மில்லுக்கு வாசல் இருந்தது, ஜவுளிக்கடைக்குக் கல்லாவில் முதலாளி இருந்தார். வீட்டுக்கு வீடு சாப்பாடு கொண்டுபோகும் இளைஞருக்கு ஃபோனில் ஒரு செயலிதான் இருக்கிறது. அந்த நிறுவனம் அவரை ஊழியர் என்றே சொல்வதில்லை, ‘பார்ட்னர்’ என்கிறது. 2025இல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் இவர்களுக்காகக் குளிரூட்டிய ஓய்வறை ஒன்றைத் திறந்தது. வரவேற்க வேண்டிய காரியம். ஆனால் அது மக்கள் வரிப்பணம். உழைப்பை வாங்கிக்கொண்டவர்கள் கட்டியதன்று. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, இந்த நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தை நல நிதிக்குத் தர வேண்டும் என்கிறது. நிதி சேரட்டும். ஆர்டருக்காக உணவகத்து வாசலில் வெயிலில் காத்திருக்கும் நேரத்தில் ஒரு நிழல், ஒரு இருக்கை, ஒரு கழிப்பறை தர வேண்டியவர் செயலி நடத்துபவரா, உணவகமா என்பதை 22-ஏ போல ஒரு பிரிவு பெயர் சொல்லி எழுத வேண்டும். அதைக் கேட்கும்போது, இதனால் எத்தனை ஆர்டர் கூடும் என்ற கணக்கைத் தொழிலாளரிடம் எதிர்பார்க்கக் கூடாது.