கறையும் சாயமும்

கையில் ஏறிய கறுப்புக்கு நல்லது கெட்டது உண்டா? கறுப்பு வெறும் கறுப்புதான். ஆனால் ஒரு கையைப் பார்த்து ‘கலை’ என்கிறார்கள், இன்னொரு கையைப் பார்த்து ‘எட்டி நில்லு’ என்கிறார்கள். இதைத்தான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

இயற்கைச் சாயம், இலை அச்சு என்று கையால் செய்த துணிகளுக்கு இப்போது நகரத்தில் நல்ல மவுசு. செய்முறை ஒன்றும் ரகசியமில்லை. கோராத் துணியைக் கடுக்காய்த் தண்ணீரில் நனைத்துக் காயவைக்கிறார்கள். துருப்பிடித்த ஆணியையும் வெல்லத்தையும் ஊறப்போட்ட தண்ணீரில் இலைகளை முக்கித் துணிமேல் பரப்புகிறார்கள். கம்பில் இறுக்கிச் சுருட்டி, கயிறு கட்டி, ஆவியில் வேகவைக்கிறார்கள். பிரித்தால் இலை நரம்போடு பதிந்திருக்கும். அழகுதான், இல்லேன்னு சொல்லமாட்டேன். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. செய்கிறவர் விரலிலும் அதே கறுப்பு ஏறும். அந்த விரல்களைப் படம் பிடித்து மாட்டி வைக்கிறார்கள்.

அதே துவர்ப்பில் எங்க தாத்தா நாற்பது வருசம் நின்றார். திண்டுக்கல்லில் தோல் ஷாப்பு வேலை. சுண்ணாம்புக் குழியில் மயிர் கழற்றிய தோலை ஆவாரம்பட்டைத் தண்ணியில் ஊறப்போட்டு, கடைசியில் கடுக்காயிலும் போட்டு எடுப்பார்கள். துவர்ப்பு தோலில் ஏறினால்தான் அழுகாது. துணியில் சாயம் பிடிக்க உதவுவதும் அதுதான். தாத்தாவுக்கு உள்ளங்கை பழுப்பேறி, நகக்கண் கறுத்துக் கிடக்கும். டீக்கடையில் அவருக்குத் தனிக் கிளாசு. ரசாயனம் ஒன்றே. அப்ப தீட்டு எங்கே இருந்தது? கடுக்காயிலா, கையிலா?

கறையைத் தேர்ந்தெடுத்தவனுக்கு அது அலங்காரம், தலையில் கட்டப்பட்டவனுக்கு அது அடையாளம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் துணியின் கதை அதற்கும் பழசு. 1921இல் மதுரையில் காந்தி மேலாடையைக் கழற்றினார். உலகம் வணங்கியது. ஒன்பது வருசம் கழித்து, 1930இல், பக்கத்து ராமநாதபுரம் ஜில்லாவில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்குத் தடைகள் போட்டார்கள். ஆண்கள் இடுப்புக்கு மேலேயும் முழங்காலுக்குக் கீழேயும் துணி உடுத்தக் கூடாது, சட்டை பனியன் கூடாது. பெண்கள் மாரை மூடக் கூடாது. மீறினவர்களின் குடிசைகள் எரிந்தன. கழற்றுவதற்குச் சட்டை இருந்தவருக்குத்தான் கழற்றுவது தியாகம். 1927இல் மகாடில் அம்பேத்கர் நம் பெண்களிடம் சாதியைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி சேலை கட்டுவதை விடச் சொன்னார். அவரே கோட்டு சூட்டில் நின்றார். மண் நிறத்தில் முரட்டுத் துணி உடுத்தி எளிமையைக் கொண்டாட நமக்கு எதற்கு அவசரம்?

1897இல் ஜெர்மன் கம்பெனி செயற்கை நீலத்தைச் சந்தைக்கு விட்டதும் அவுரி விவசாயம் படுத்தது. அதை நினைத்து அழுகிறவர்கள் உண்டு. ஆனால் சாயம் மலிவானதால்தானே பளிச்சென்று கலர் சேலை எங்க தெருவுக்கும் வந்தது! எங்க அம்மாயி ரோசு கலர் நைலக்ஸ் சேலை கட்டிக்கொண்டு திருவிழாவுக்குப் போன நடையை நான் பார்த்திருக்கிறேன். அதில் ரசனை இல்லை என்று சொல்ல எவனுக்கும் யோக்கியதை இல்லை.

அதற்காக ரசாயனச் சாயத்துக்கு வக்காலத்து வாங்கவும் முடியாது. திருப்பூர்ச் சாயக் கழிவு நொய்யலைக் கொன்றது, ஒரத்துப்பாளையம் அணையில் விசத்தைத் தேக்கியது. 2011இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் வரைக்கும் போனது. அந்தத் தண்ணீரில் கால் வைத்து வேலை செய்தவர்களும் நம்மைப் போன்றவர்கள்தான். ஆக, இயற்கைச் சாயக்காரர்கள் ஆற்றைப் பற்றிச் சொல்வது சரி. ஆளைப் பற்றித்தான் அவர்கள் பேசுவதில்லை.

திண்டிவனம் பக்கம் இன்றைக்கும் அவுரித் தொட்டி உண்டு. தழையை ஊறப்போட்டு, நாறுகிற அந்தத் தண்ணீரில் ஆட்கள் இறங்கி, மணிக்கணக்கில் காலால் உதைக்கிறார்கள். பச்சையும் மஞ்சளுமாக இருந்த தண்ணீர் காற்றுப் பட்டு நீலமாகிறது. எப்போது நிறுத்த வேண்டும் என்று நுரையைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். இது அறிவு இல்லையா? கடையில் தொங்கும் சட்டையின் சீட்டில் வடிவமைத்தவர் பெயர் இருக்கிறது, செடியின் பெயர்கூட இருக்கிறது. உதைத்த காலின் பெயர் இல்லை. ‘கையால் செய்தது’ என்று போட்டிருக்கிறது. எந்தக் கை?

இலை அச்சுப் பட்டறை ஒன்றில் கூலிக்குத் துணி சுருட்டும் எங்க ஊர்ப் பிள்ளை ஒருத்தியிடம் கேட்டேன், நீ இதை உடுத்துவியாம்மா என்று.

“அண்ணே, இதோட விலை என் ஒரு மாசச் சம்பளத்துல பாதி. அது கெடக்கட்டும். சும்மாவே குடுத்தாலும் இதக் கட்டிக்கிட்டுத் தெருவுல போனா, அழுக்குத் துணியோட வேலைக்கிப் போறான்னுதான் நெனைப்பாங்க. அவங்க கட்டினா அப்பிடி நெனைக்க மாட்டாங்கள்ல?”

மூணு வருசமா சுருட்டுகிறாள். எந்த இலை எந்த மாசத்தில் நன்றாகப் பதியும் என்று முதலாளியம்மா அவளிடம்தான் கேட்கிறார்களாம். கூலியை ஏற்றிக் கேட்டிருக்கிறாள், இன்னும் பதில் வரவில்லை.