பழுதின் ஆயுளும் கடனின் ஆயுளும்

பழைய வீட்டைச் செப்பனிடப் பணம் தேடுவோர், வீட்டின் மீதே கூடுதலாகக் கடன் வாங்குவதா, தனிக்கடன் எடுப்பதா என்ற கேள்வியைப் பெரும்பாலும் வட்டி விகிதத்தைக் கொண்டே தீர்த்துக்கொள்கின்றனர். ஆனால், சிங்கப்பூரில் 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ ஸ்வீயில் மூண்ட தீ ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவர்களாக்கிய பின் அடுக்குமாடிகள் பெருகிய புக்கிட் மேரா வட்டாரத்தில், இக்கேள்வி வட்டியோடு முடிவதில்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) தன் வீடுகளை 99 ஆண்டுக் குத்தகைக்கே விற்கிறது. அக்குத்தகை 1970களில் தொடங்கிய வீட்டில் இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ அரை நூற்றாண்டுதான்.

வீட்டின் மீதே கூடுதலாகக் கடன் வாங்கும் மறுஅடமானம் என்பது, கட்டி முடித்த தவணைகளாலும் விலையேற்றத்தாலும் வீட்டில் சேர்ந்துள்ள மதிப்பை ஈடாகக் காட்டி வங்கியிலிருந்து ரொக்கம் பெறுவதாகும். தனியார் வீட்டு உரிமையாளருக்கு இவ்வழி உண்டு. வீவக வீட்டை அவ்வாறு ஈடுவைக்க இயலாது. எஞ்சிய கடனைக் குறைந்த வட்டிக்கு வேறிடம் மாற்றுவது மட்டுமே வீவக உரிமையாளருக்கு இயலும். அதிலும், வீவகவின் கடனிலிருந்து வங்கிக்கு மாறியவர் மீண்டும் அதற்குத் திரும்ப முடியாது. மத்திய சேமநிதிப் பணத்தையும் உள்வீட்டுப் புதுப்பிப்புக்கு எடுக்க முடியாது. ஆகவே கைச்சேமிப்பு போதாதவருக்கு எஞ்சுவது பெரும்பாலும் வங்கிகளின் புதுப்பிப்புக் கடன்; அது பொதுவாக 30,000 வெள்ளி அல்லது மாத வருமானத்தின் ஆறு மடங்கு, இவற்றுள் குறைந்த தொகைக்கு உட்பட்டு, ஐந்தாண்டுக்குள் தீர்க்க வேண்டியதாக அமைகிறது.

இக்கட்டுப்பாடு இழப்பாகத் தோன்றினும், கணக்கு வேறொன்றைக் காட்டுகிறது. எடுத்துக்காட்டாக, 30,000 வெள்ளியை 5 விழுக்காட்டு வட்டியில் ஐந்தாண்டில் அடைத்தால் மொத்த வட்டி சுமார் 3,970 வெள்ளி. அதே தொகையை வீட்டின் மீதான கடனாக 3 விழுக்காட்டில் இருபது ஆண்டுக்கு நீட்டினால் சுமார் 9,930 வெள்ளி. மாதத் தவணை 566 வெள்ளியிலிருந்து 166 வெள்ளியாக இறங்குவதால் கிடைக்கும் நிம்மதிக்கு, வட்டியாக மட்டும் இரண்டரை மடங்கு கொடுக்க நேர்கிறது.

எனவே, எங்கே கடன் வாங்குவது என்பதற்கு முன், எதற்காக வாங்குவது என்பதே ஆராயத்தக்கது. உள்ளிருக்கும் இரும்புக்கம்பி துருப்பிடித்துப் பருத்து, கூரைக் கான்கிரீட்டைப் பெயர்த்து விழச் செய்வது பாதுகாப்பைப் பற்றியது, ஒத்திவைக்கத் தகாதது. 2007இல் அறிவிக்கப்பட்டு, பின்னர் 1997 வரை கட்டப்பட்ட வீடுகளுக்கும் விரிவாக்கப்பட்ட இல்ல மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ், தம் புளோக் தேர்வு பெற்று, தகுதியுள்ள குடும்பங்களில் 75 விழுக்காட்டினர் ஆதரவாக வாக்களித்தால், இத்தகைய இன்றியமையாப் பணிகளின் செலவைக் குடிமக்களுக்காக அரசே ஏற்கிறது. மேல்வீட்டிலிருந்து கூரையில் நீர் கசிந்தால், வீவகவின் உதவித் திட்டம் பாதிச் செலவை ஏற்க, எஞ்சியதை மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் பகிர்ந்துகொள்ளலாம். இவற்றை விசாரிக்காமல் கடன் விண்ணப்பத்தை நிரப்புவது, பிறர் ஏற்க முன்வந்த செலவுக்குத் தாமே வட்டி கட்டுவதாகும். ஆனால் அடுப்படி அலமாரியை மாற்றுவதும் நல்ல தரையை உடைத்துப் புதிது பதிப்பதும் விருப்பத்தின் பாற்பட்டவை. விருப்பம் சேமிப்புக்காகக் காத்திருக்கலாம்.

செப்பனிட்டது மீண்டும் பழுதாகும் காலத்திலும் அதற்கான கடன் தீராதிருக்குமாயின், அது எவ்வளவு குறைந்த வட்டிக்குக் கிடைத்தாலும் விலை மிகுந்த கடனே.