யார் கை வைத்தது?

வீட்டில் ஸ்விட்ச் மாற்றலாம். புதிதாக ஒரு ப்ளக் பாயின்ட் இழுக்கக் கூடாது. நம் நாட்டுச் சட்டம் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45ஆவது விதி, பல்பு, ஃபேன், ஃப்யூஸ், ஸ்விட்ச் போன்றவற்றை மாற்றுவதை மட்டும் நமக்கு விட்டுவைத்தது. அதுவும் வயரிங்கின் திறனோ தன்மையோ மாறாதவரைக்கும்தான். மற்றதெல்லாம் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் வேலை. 2010இல் வந்த ஒழுங்குமுறைகளும் இந்தக் கோட்டை அழிக்கவில்லை.

‘தன்மை’ என்ற அந்தச் சொல்தான் என்னை விடமாட்டேன் என்கிறது. திருவண்ணாமலையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வீடுகளின் தன்மையே மாறிவிடும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஒட்டி மாடி அறை லாட்ஜ் ஆகும், திண்ணை ஜூஸ் கடை ஆகும். வருகிறவர்களுக்கு வெந்நீர் வேண்டுமே? 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 5 ஆம்பியர் பாயின்ட்டுக்குப் போட்ட பழைய வயரில் அதை மாட்டிவிட்டு, “வயரிங்க நாங்க தொடவே இல்லையே” என்பார்கள். உண்மைதான். ஆனால் ஈரக்கையோடு குழாயைத் திறக்கப்போவது முந்தாநாள்வரை அந்த வீட்டைப் பார்த்தேயிராத ஒருவர்.

எலக்ட்ரானிக்ஸ் படித்த நண்பன் ஒருவன் இருக்கிறான். எங்கள் பக்கத்துப் பல வயர்மேன்களைவிடச் சுத்தமாக வேலை செய்வான். “என் வீடு, என் உயிரு. இதுல எவன்கிட்டடா நான் பர்மிஷன் கேக்கணும்?” என்பது அவன் கட்சி. முதல் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். தான் வாழும் வீட்டின் எர்த் எங்கே இறங்குகிறது என்று தெரிந்துவைத்திருப்பவன் நல்ல குடித்தனக்காரன். ஆனால் ‘என் உயிரு’ என்பது கணக்குத் தப்பு. நாளை குடிவருகிறவர் இருக்கிறார். சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு லைனில் கொடுத்தால், சப்ளையை நிறுத்திவிட்டுக் கம்பத்தில் ஏறிய லைன்மேனை நோக்கி அந்தக் கரண்ட் திரும்பிப் போகும்.

அப்படியானால் லைசன்ஸ்காரரே செய்யட்டும் என்று முடித்துவிடலாமா? எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கான சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் அந்த வீட்டு வாசலையே மிதித்ததில்லை. வேலை செய்தது வீட்டுக்காரர். காகிதத்தில் இருப்பது வேறொருவர் பெயர். கத்துக்குட்டி வேலையைவிட எனக்குப் பயம் இந்தக் கையெழுத்துதான். ஏதாவது ஆனால், தேடிப்போக ஆளே இருக்காது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005இலிருந்து வேறு வழி இருக்கிறது. வீட்டுக்காரரே வயரிங் செய்யலாம். புது சர்க்யூட் இழுப்பது மாதிரியான வேலை என்றால் உள்ளாட்சி அமைப்பின் கட்டடப் பிரிவுக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும், அவர்கள் பக்கம் சரிபார்க்க வேண்டும். அங்கேயும் சொல்லாமல் செய்கிறவர்கள் இருப்பார்கள்தான். ஆனால் உண்மையைச் சொல்ல நினைப்பவனுக்கு அங்கே ஒரு படிவம் உண்டு.

இதைச் சொன்னால் நண்பன் மலையைக் காட்டுவான். மகாதீபம் ஏற்றும் உரிமை பரம்பரையாகப் பர்வத ராஜகுலத்தாருக்கு. லைசன்ஸும் அதே மாதிரி தொழிலுக்குப் போட்ட வேலிதானே என்பான். லைசன்ஸ் பிறப்பால் வருவதில்லை, அது ஒருபக்கம். எனக்கு அந்த உதாரணத்தில் பிடித்தது வேறு. தீபத்தை ஏற்றியது யார் என்று ஊருக்கே தெரியும். சுவருக்குள் போன வயருக்கு அந்தத் தெளிவு இல்லை.

“சரி, நீயே போடு. எத்தனை எம்.எம். வயர், எந்தத் தேதி, எர்த் குடுத்தது யாருன்னு எழுதி, உன் பேரைப் போட்டு ஈ.பி. ஆபீஸ்ல குடு” என்றேன்.

“குடுத்தா, சட்டப்படி நான்தானேடா மாட்டுவேன்?”

என்னிடம் பதில் இல்லை.