கேட்காமல் எழுதிய சம்மதம்

தோட்டத்து மாரியம்மன் கோவிலில் திருவிழாக் கூட்டம் என்றால் யாராவது ஒருவர் கையில் சீ.ஆர். கொப்பி இருக்கும். திகதி, தலைமை தாங்கியவர் பெயர், கரகம் பாலிக்கும் நாள், தேர் சுற்றும் நாள். அதன் கீழே ஒரு வரி: குடும்பத்துக்கு இவ்வளவு பணம், ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. பிரேரித்தவர், ஆமோதித்தவர் பெயர்கள் சில கொப்பிகளில் இருக்கும், பலவற்றில் இராது. அந்த ஒரு வரியை வைத்துத்தான் வீடு வீடாகக் காசு சேரும். சில தோட்டங்களில் சம்பளத்திலேயே பிடிபடும்.

பதுளையைச் சுற்றியுள்ள பசறை, நமுனுகுல, ஹாலிஎல பக்கத்து மலைகளில் இப்படிப்பட்ட கூட்டம் அந்தியில்தான் கூடும். கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் அந்த நேரம் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருப்பார்கள், அல்லது அடுப்படியில் இருப்பார்கள். வந்த சிலரும் பின்னால் நின்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எல்லோரும் சம்மதித்தார்கள் என்று எழுதுகிறோமே, அவர்களிடம் கேட்டது யார்? அம்மனுக்குப் போகும் காசு என்பதால் இந்தக் கேள்வி இன்னும் கனக்கிறது. மனமுவந்து கொடுத்தால்தானே அது காணிக்கை!

பதுளை நகரின் நடுவே இருக்கும் முதியங்கனை விகாரையின் பிக்குகள் பின்பற்றும் வினயம் என்னும் ஒழுக்க விதிகளில் இந்தக் கேள்விக்கு மிக நுணுக்கமான விடை உண்டு. பிக்கு சங்கம் முக்கியமான ஒரு காரியத்தை முடிவு செய்வதற்கு முன் பிரேரணையை எல்லோர் காதிலும் விழச் சொல்ல வேண்டும். துறவுக்கு ஒருவரை முழுமையாக ஏற்பது போன்ற பெரிய காரியங்களில் பிரேரணைக்குப் பின் மூன்று முறை அறிவித்து, உடன்படாதவர் பேசலாம் என்று ஒவ்வொரு முறையும் இடம் விட வேண்டும். அதன் பிறகு நிலவும் மௌனம்தான் சம்மதம். பிரேரணையை விட்டுவிட்டாலோ அறிவிப்பில் ஒன்று குறைந்தாலோ காரியம் செல்லாது.

வரமுடியாதவரையும் வினயம் மறக்கவில்லை. நோயுற்ற பிக்கு தன் இசைவை இன்னொருவர் வழியாகச் சொல்லி அனுப்பலாம். அதுவும் முடியாவிட்டால் அவரைக் கட்டிலோடு தூக்கி வர வேண்டும். தூக்கினால் நோய் முற்றும் என்றால் சங்கமே எழுந்து அவர் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். அவரை விட்டுவிட்டு, குறைபட்ட சபையாக அந்தக் காரியத்தைச் செய்யக் கூடாது.

தோட்டத்துக் கூட்டங்களில் மௌனத்தைச் சம்மதமாக எடுக்கும் வழக்கம் இருக்கிறது. அந்த மௌனத்துக்குப் பெறுமதி தரும் நிபந்தனைகள் இல்லை. தலைவரிடம் நாளைக்கு ஒரு உதவிக்குப் போக வேண்டியவர் இன்று எப்படி வாய் திறப்பார்? சாமி காரியத்தில் தடை சொன்னால் குற்றம் வந்துவிடும் என்று பயந்தவரின் மௌனம் எதற்குச் சாட்சி? எதிர்ப்பை எழுதினால் ஒற்றுமை குலையும் என்பார்கள். எழுதாத எதிர்ப்பு கொப்பியை விட்டுப் போய் லயத்துக்குள் புகுந்து, பல வருடம் உறவுகளை அரிக்கிறது என்பதைத் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள்.

முறையீட்டை மறைக்காமல் எழுதிய பழைய சான்று ஒன்று பதுளையிலேயே இருக்கிறது. மகியங்கனைக்கு அருகே சொரபொர குளத்துப் பக்கம் கண்டெடுத்து நகருக்குக் கொண்டுவந்த 10ஆம் நூற்றாண்டுத் தூண் கல்வெட்டு அது. மகியங்கனை விகாரைக்கு வந்த உதய மன்னனிடம் ஹோபிட்டிகம சந்தை வணிகர்களும் ஊராரும் அதிகாரிகளின் முறைகேடான அறவீடுகளைப் பற்றி முறையிடுகிறார்கள். சந்தைக்கான விதிகள் பிறக்கின்றன. ஆணையோடு முறையிட்டவர்களின் குறையும் கல்லில் நிற்கிறது. அரசனின் கருணை என்று மட்டும் வெட்டிவிட்டுப் போயிருக்கலாம், அப்படிச் செய்யவில்லை.

அதே நூற்றாண்டில் தமிழகத்து உத்தரமேரூர் சபை, குடவோலை என்னும் தேர்தல் முறையின் விதிகளை 919இல் கல்லில் பொறித்தது, 921இல் திருத்தியது. பழையதைச் செதுக்கி அழிக்காமல் புதியதையும் பொறித்ததால் தீர்மானம் மாறிய விதத்தை இன்றும் படிக்க முடிகிறது. எழுதிய சபை ஊழியனான மத்தியஸ்தன் தன் பெயரையும் சொல்லிப் பொறுப்பேற்கிறான்.

கேட்காமல் எழுதியதன் விலை மலையகத்துக்கு நன்றாகவே தெரியும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 975,000 பேரைப் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். எண்களை முதலில் எழுதினார்கள். மனிதர்களிடம் விண்ணப்பம் கேட்டது அதற்குப் பிறகு. அந்தத் தாளுக்கு இரு அரசுகள் உடன்பட்டன. பெட்டி கட்டி இராமானுஜம் கப்பல் ஏறியவர்களின் சம்மதம் அதில் எங்கும் இல்லை.

அந்தக் காயத்தைச் சுமந்த சமூகம் தன் கோவில் கொப்பியிலாவது கவனமாக இருக்க வேண்டும். இன்னார் பிரேரித்தார், இன்னார் ஆமோதித்தார், தொகை இவ்வளவு, இந்த இருவர் கூடுதல் என்றார்கள், இத்தனை வீட்டார் வரவில்லை என்று அப்படியே எழுதலாம். அடுத்த கூட்டத்தில் அதை உரக்க வாசித்து, பிழை இருந்தால் பழைய வரியை அழிக்காமல் பக்கத்தில் திருத்தம் எழுதலாம். வராத வீடுகளுக்கு இரண்டு பேரை, அதில் ஒருவர் பெண்ணாக இருக்கும்படி, லயம் லயமாக அனுப்பிக் கேட்டுவிட்டு மறுநாள் தீர்மானத்தை எழுதினால் கரகம் பாலிக்கும் நாள் பிந்தப் போவதில்லை.